இன்னொரு மாரியப்பன்

பேரன் பிறந்த செய்தி வந்த அன்றைக்கே அவனுக்கான பேர் என் மனதில் இருந்தது. நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் மூத்த பேரனுக்கு அப்பாவைப் பெற்றவர் பேர்தான். என் தாத்தா மாரியப்பன், அவர் பேர் எனக்கு. என் அப்பா சண்முகவேல், அவர் பேர் என் மகனுக்கு. முறைப்படி இது மறுபடியும் மாரியப்பனின் தலைமுறை. மகன் பெங்களூரிலிருந்து போனில் மெதுவாக ஆரம்பித்தான். “அப்பா, கோயில்ல வச்சு காதுல சொல்றப்போ மாரியப்பன்னே சொல்லிருவோம். சர்டிபிகேட்ல வேற பேர் போட்டுக்கிறோம். இப்போ யாரும் அந்தப் பேர் வைக்கிறதில்லப்பா.” அவன் பேச்சில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பயந்து பயந்துதான் சொன்னான். சரி ஐயா, யோசிச்சுச் சொல்லுங்க என்று போனை வைத்துவிட்டேன். அந்தக் கடைசி வரி மட்டும் பல நாள் என்னை விடவில்லை. யாரும் வைப்பதில்லையா? என் வகுப்பிலேயே நாலைந்து பேருக்கு இருந்த பேராயிற்றே அது.

சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேரும் இடத்தில் இருக்கன்குடி மாரியம்மன் உட்கார்ந்திருக்கிறாள். சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் அவள் பேர் இல்லாத வீடு இருக்காது. மாரியப்பன், மாரிமுத்து, மாரிச்சாமி, மாரீஸ்வரன், மாரிக்கனி, மாரிச்செல்வம். பெண்களில் மாரியம்மாள், முத்துமாரி, மாரீஸ்வரி. ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடித் திருவிழாக் கூட்டத்தில் நின்று “ஏ மாரி” என்று ஒருவர் குரல் கொடுத்தால் ஆணும் பெண்ணுமாகப் பலர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த அம்மாளின் பேரை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு வைத்துக்கொண்ட ஊர்கள் இவை.

இத்தனை பேருக்கு ஒரே பேர் இருந்தால் குழப்பம் வராதா என்று மருமகள் ஒருமுறை கேட்டாள். வராது. பேர் ஒன்றாக இருப்பதாலேயே ஊர் ஒவ்வொருவரையும் உற்றுப் பார்த்து இன்னொரு பேர் வைத்துவிடும். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர் தீப்பெட்டி ஆபீஸ் மாரியப்பன். கிணற்றடி வீட்டுக்காரர் கிணத்தடி மாரியப்பன். மிலிட்டரி மாரியப்பன், டெய்லர் மாரியப்பன், சிலோன் போய்த் திரும்பிய தாத்தாவின் பேரன் சிலோன்கார வீட்டு மாரியப்பன். என் தாத்தாவுக்கு வண்டி மாடு இருந்ததால் அவர் வண்டிக்காரர் வீட்டு மாரியப்பன். அதே அடைமொழி எனக்கும் வந்தது. எனக்கு விவரம் தெரிந்தபோது வீட்டில் வண்டியும் இல்லை, மாடும் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் அடைமொழியை அடைப்புக்குறிக்குள் போடாவிட்டால் யார் வீட்டுக் கல்யாணம் என்று ஊருக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இனிஷியலை வைத்துப் பிரித்தார். அங்கேயும் இரண்டு பேருக்கு எஸ். மாரியப்பன் என்றே வந்தது. அவர்கள் நெட்டை மாரியப்பன், குட்டை மாரியப்பன் ஆனார்கள். அடுத்த கோடை விடுமுறைக்குள் குட்டையன் வளர்ந்து நெட்டையனைத் தாண்டிவிட்டான், பேர் மட்டும் மாறவில்லை.

வீட்டுக்குள் கதை வேறு. என் அம்மா ஒரு நாளும் என்னை மாரியப்பா என்று கூப்பிட்டதில்லை. அது அவள் மாமனார் பேர், வாயில் வரக்கூடாது. அப்பத்தாவுக்கு அது புருஷன் பேர். அவளும் சொல்ல மாட்டாள். எங்கள் அப்பாவுக்கோ தன் தகப்பன் பேரைச் சொல்லித் திட்டவோ அதட்டவோ முடியாது. ஆகவே வீட்டில் நான் துரை. பள்ளியில் சேர்த்த பிறகுதான் என் சொந்தப் பேரை அடுத்தவர் வாயால் அடிக்கடி கேட்டேன். அப்பத்தா இன்னும் ஒரு படி மேலே. சாமி கும்பிடும்போதுகூட அம்மன் பேரைச் சொல்ல மாட்டாள். “இருக்கன்குடி ஆத்தா, எம் பிள்ளைகளைக் காப்பாத்து” என்பாள். நானும் அந்த வழக்கத்திலிருந்து தப்பவில்லை. என் மகனுக்கு என் அப்பா பேர் என்பதால் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட நாக்கு வருவதில்லை. அவன் கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து எனக்கு அவன் ‘ஐயா’தான், ‘நீங்க, வாங்க’தான்.

பேர்களின் வரத்தும் போக்கும்

ஒரு பேர் நம் கண் முன்னே வயதாவதைப் பார்ப்பது புதிதல்ல. எங்கள் தெருவையே உதாரணமாகச் சொல்லலாம். தாத்தா தலைமுறை முழுக்க மாடசாமி, கருப்பசாமி, மாரியப்பன், சுப்பையா. அப்புறம் திராவிட இயக்கத் தலைவர்களில் நாராயணசாமியாகப் பிறந்தவர் நெடுஞ்செழியன் ஆனார், ராமையாவாகப் பிறந்தவர் அன்பழகன் ஆனார். அவர்களின் மேடைப் பேச்சைக் கேட்டு வந்த இளைஞர்கள் தங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ்ச்செல்வன், இளங்கோ, கலைச்செல்வி என்று வைத்தார்கள். கட்சிக்காரர் வீடு எது, காங்கிரஸ்காரர் வீடு எது என்று பிள்ளைகளின் பேரை வைத்தே சொல்லிவிடலாம். அதற்குப் பின்னால் சுரேஷும் ரமேஷும் கவிதாவும் வந்தார்கள். இப்போது அவர்களுக்கும் நரைத்துவிட்டது. இன்றைக்கு எல்.கே.ஜி. வகுப்பில் கூப்பிடுகிற பேர்களில் பாதி எனக்கு ஒரு முறை கேட்டால் பிடிபடுவதில்லை.

இதில் எனக்குக் கோபம் இல்லை. ஒவ்வொரு தலைமுறையும் தன் பிள்ளைக்கு ஆகச் சிறந்ததைத் தேடுகிறது. எனக்கு உறுத்துவது வேறொன்று. இதுவரை வந்த அலைகள் எல்லாமே ஏதோ ஒரு கூட்டத்தோடு பிள்ளையைச் சேர்த்துவிட வந்தவை. குலசாமியோடு, தாத்தாவோடு, கட்சியோடு, மொழியோடு. சினிமா நடிகரின் பேர் என்றாலும் அந்த ரசிகர் கூட்டத்தோடு. இப்போதுதான் முதல் தடவையாக, வேறு யாருக்கும் இல்லாத பேர் வேண்டும் என்று தேடுகிறார்கள். நட்சத்திரத்துக்கான எழுத்து, எண் கணிதக் கூட்டுத்தொகை எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் செல்போனில் தட்டிப் பார்த்து வேறு யாருக்காவது இருந்தால் அந்தப் பேரைத் தள்ளிவிடுகிறார்கள். என் மகனும் அப்படித்தான் ஒரு பட்டியல் வைத்திருந்தான்.

2016 செப்டம்பரில் எங்கள் பேருக்கு ஒரு திருநாள் வந்தது. ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த தங்கவேலு மாரியப்பன் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். சின்ன வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கிப்போன பிள்ளை, காய்கறி விற்று வளர்த்த தாய். மறுநாள் எல்லாச் சேனலிலும் மாரியப்பன், மாரியப்பன் என்று ஒரே முழக்கம். இந்திக்காரர்கள் அந்தப் பேரைச் சொல்லப் பழகிக்கொண்டார்கள். எனக்கு எங்கிருந்தெல்லாமோ போன். பழைய வகுப்புத் தோழர்கள், பேசியே பல வருஷமான சொந்தக்காரர்கள் எல்லாம், நானே தாண்டியதுபோல வாழ்த்துச் சொன்னார்கள். நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். அந்தத் தம்பி அடுத்து டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று வரிசையாக மூன்று பாராலிம்பிக்கிலும் பதக்கம் வாங்கினார். ஒவ்வொரு தடவையும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. முன்பின் பார்த்திராத ஒருவரின் வெற்றியில் இப்படி உரிமையோடு சந்தோஷப்பட முடிந்தது, பேர் ஒன்றாக இருந்ததால்தான். அவர் பிறந்தது 1995. அந்த வருஷத்திலும் ஒரு தாய் தன் பிள்ளைக்கு மாரியப்பன் என்று வைத்திருக்கிறாள். அதற்குப் பிறகு பிறந்த மாரியப்பன் யாரையாவது எனக்குத் தெரியுமா என்று யோசித்துப் பார்த்தேன். ஒருவர்கூட நினைவுக்கு வரவில்லை.

கண் ஆஸ்பத்திரியில்

மகனின் போன் வந்த கொஞ்ச நாளில் கண்புரை பார்க்க மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொல்லியிருந்தார்கள். வரிசையாகப் பெஞ்சுகள், எல்லாம் என் வயதும் அதற்கு மேலும். உள்ளேயிருந்து ஒரு சிஸ்டர் “மாரியப்பன்” என்று கூப்பிட்டது. எழுந்தேன். பக்கத்துப் பெஞ்சில் ஒருவர் எழுந்தார். பின்னாலிருந்து இன்னொரு பெரியவர் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்தச் சிஸ்டர் சிரித்துவிட்டு, “எண்பத்தி ரெண்டு வயசு மாரியப்பன் மட்டும் வாங்க” என்றது. பேத்தியோடு நின்ற பெரியவர் உள்ளே போனார். நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டோம். கேட்க வேண்டிய முதல் கேள்வியை அவரே கேட்டார். “எந்த ஆத்தா, அண்ணாச்சி?” நான் இருக்கன்குடி என்றேன். அவர் தேனிக்காரர், வீரபாண்டி கௌமாரியம்மன். எந்த ஊர், என்ன வேலை என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது.

பெரியவர் திரும்பி வந்ததும் பேத்தி அவரையும் எங்கள் பக்கத்தில் உட்கார வைத்தது. மருந்து விட்ட கண்ணோடும் அவர் முகம் எனக்குத் தெரிந்தது. கன்னம், மூக்கு, நெற்றி எல்லாம் குழிகுழியாக அம்மைத் தழும்பு. இப்படி ஒரு முகத்தைப் பார்த்து எவ்வளவு காலமாகிவிட்டது. சின்ன வயதில் எங்கள் ஊரிலேயே அப்படிச் சில முகங்கள் உண்டு, என் தாத்தா முகத்திலும் காதோரம் கொஞ்சம் உண்டு. நாங்களும் மாரியப்பன்கள்தான் என்று அறிமுகப்படுத்திக்கொண்டபோது அவர், “உங்களுக்குப் பிறந்தப்போ வச்ச பேரா?” என்று கேட்டார். ஆமாம், தாத்தா பேர் என்றேன். “எனக்கு அஞ்சு வயசுல வந்த பேரு” என்றார்.

அவருக்கு முன்னால் பிறந்த இரண்டு பேரைப் பெரியம்மை கொண்டுபோயிருக்கிறது. மூன்றாவதாக இவருக்கும் வந்தபோது அவர் அம்மா ஈரச் சேலையோடு கோயில் முன் விழுந்து, பிள்ளையைத் தந்தால் இனி அவன் உன் பிள்ளை, உன் பேரையே வைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டாளாம். வாசலில் வேப்பங்குழை, வீட்டில் தாளிப்பு கிடையாது, அண்டை அயலார் யாரும் வரக்கூடாது. மூன்றாம் தண்ணீர் ஊற்றி எழுந்தபோது அவருக்குப் புதுப் பேர் வந்துவிட்டது. பழைய பேர் என்ன என்று கேட்டேன். அதைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டாள், தனக்கே அது மறந்துவிட்டது என்றார்.

நான் என் மனக்குறையை அவரிடம் சொன்னேன். பேரனுக்கு வைக்க மாட்டேன் என்கிறார்கள், உங்கள் வீட்டில் எப்படி என்றேன். அவர் தலையை ஆட்டினார். “எங்க வீட்லயும் யாருக்கும் இல்ல. நான் வைக்கச் சொல்லவும் இல்ல. தம்பி, இந்தப் பேரு எங்கம்மா அழுது வாங்குன பேரு. இப்போ எந்தத் தாய் அப்படி அழணும்? நோயே போயிருச்சே. அதுக்கு நான் வருத்தப்படுறதா?” பக்கத்தில் இருந்த பேத்தி அவர் கையைத் தடவிக்கொடுத்தது. அந்தப் பெண்ணுக்கும் இந்தக் கதை புதிது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தேனிக்காரர் ஒன்றும் பேசவில்லை. எனக்கும் பதில் இல்லை.

வீடு திரும்பிய பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியம்மை வந்தவர்களில் பத்துக்கு மூன்று பேர் பிழைப்பதில்லை. பிழைத்தவர்களில் சிலருக்குப் பார்வை போகும். கிண்டியில் 1899இல் தொடங்கிய கிங் இன்ஸ்டிட்யூட்டின் முதல் வேலைகளில் ஒன்றே பெரியம்மைக்குத் தடுப்பு மருந்தான அம்மைப்பால் தயாரிப்பதுதான். என் கையிலும் அம்மை குத்திய வட்டத் தழும்பு இருக்கிறது. குத்துகிறவர் ஊருக்குள் வந்தால் பிள்ளைகள் சோளக்காட்டுக்குள் ஓடி ஒளிந்தது ஞாபகம் இருக்கிறது. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் அந்த நோய் நின்றது. 1980இல் உலகத்தை விட்டே போய்விட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. என் மகன் கையில் அந்தத் தழும்பு இல்லை. குத்துவதையே நிறுத்திய பிறகு பிறந்தவன் அவன்.

அம்மை மட்டுமல்ல. பழைய வாக்காளர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பிச்சை, குப்பன், குப்பம்மாள், தவிட்டான். பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்த பிள்ளையைக் குப்பையில் போட்டு எடுத்து, தவிட்டுக்கு விற்று வாங்கி, எமன் கண்ணில் படாமல் இருக்க வைத்த பேர்கள் அவை. பிள்ளை வரம் கேட்டு நாகூர் தர்காவுக்குப் போய்வந்த இந்துக் குடும்பங்களில் நாகூரான் உண்டு. 1970களின் தொடக்கத்தில்கூடத் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூறுக்கு மேல் ஒரு வயதைத் தாண்டவில்லை. 2020ஆம் ஆண்டுக் கணக்கில் அது 13. பேர்களும் அந்த எண்ணிக்கையோடு சேர்ந்து குறைந்தன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. போதும்பொண்ணு, வேண்டாம் என்று பெண் பிள்ளைகளுக்கு வைத்த பேர்களையும் இதோடு நினைத்துக்கொள்கிறேன். அந்தப் பேர்கள் திரும்பி வரவே கூடாது. ஒரு பேர் வழக்கொழிந்தால் எதையோ இழந்துவிட்டோம் என்று உடனே பதறுகிறோம். சில பேர்கள் தங்கள் வேலையை முடித்துவிட்டுப் போகின்றன. பெரியவர் சொன்னது அதைத்தான். அதை நான் முழு மனதோடு ஏற்றுக்கொண்டேன்.

மீதி இருப்பது

ஆனாலும் ஒன்று மீதி இருந்தது. அவரும் நானும் தேனிக்காரரும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பேசியது எப்படி நடந்தது? எங்கள் மூன்று பேருக்கும் வேறு எந்தச் சம்பந்தமும் கிடையாது. சாதி வேறு, மாவட்டம் வேறு, ஒருவர் விவசாயி, ஒருவர் லாரி ஷெட் வைத்திருந்தவர், நான் பாங்க்கில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு கூப்பிடுகுரலுக்கு மூன்று பேர் எழுந்தோம், அவ்வளவுதான். பெரியவரின் தாய் அழுதது அம்மைக்காக. பேர் எங்களுக்குப் பொதுவானது அம்மையால் மட்டும் அல்ல. ஊர் ஊராக அதைப் பங்கு வைத்துக்கொண்டோமே, அதனால். நோய் போனது நல்லது. அதோடு இந்தப் பங்கும் போக வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

பேர் ஒன்றாக இருப்பதைக் கெடுதலுக்கும் பயன்படுத்தலாம் என்பது தெரியும். 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது, அதே பேரில் அதே இனிஷியலில் இன்னும் ஐந்து பேர் மனுப்போட்டார்கள். வாக்காளரைக் குழப்பத்தான் என்று ஊரே பேசியது. ஆனால் ஜனங்கள் அப்படிக் குழம்பிவிடவில்லை. பலாப்பழச் சின்னத்தைத் தேடிப் பிடித்துக் குத்தி அவரை இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே பேர்க்காரர்களுக்குள் ஆளைப் பிரித்து அறிவது நம் ஜனங்களுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழகிய வேலை.

யாருக்கும் இல்லாத பேரோடு வளர்கிற பிள்ளைக்கு இந்தப் பெஞ்சு கிடைக்காது. ரியோவில் ஒருவன் தாண்டும்போது தானும் தாண்டியதாக உணரக் கிடைக்காது. பேரைச் சொன்னதும் எதிராளி, எங்க மாமா பேரும் அதுதான், எங்க வாத்தியார் பேரும் அதுதான் என்று பேச்சைத் தொடங்க மாட்டார். எப்படி எழுதுவது, என்ன அர்த்தம் என்றுதான் கேட்பார். பிள்ளை ஒவ்வொரு தடவையும் விளக்கம் சொல்ல வேண்டும். பிள்ளை தனித்துத் தெரிய வேண்டும் என்று பெற்றவர்கள் ஆசைப்படுவது எனக்குப் புரிகிறது. அதைப் பேர் வந்து செய்ய வேண்டியதில்லை. தீப்பெட்டி ஆபீஸ் மாரியப்பனையும் மிலிட்டரி மாரியப்பனையும் எங்கள் ஊரில் யாரும் ஒரே ஆளாக நினைத்ததில்லை.

பிறப்புப் பதிவில் குழந்தையின் பேரைச் சேர்க்கப் பன்னிரண்டு மாதம் வரை கட்டணம் கிடையாது. ஆகவே அவசரப்பட வேண்டாம் என்று மகனிடம் சொன்னேன். அப்புறம் பெரியவர் கதையையும் சொன்னேன். மாரியப்பன் வேண்டாம் ஐயா, அந்தக் கடனை எங்கள் தாத்தா காலத்திலேயே கட்டி முடித்தாகிவிட்டது, காதில் மட்டும் ஒரு தரம் சொல்லிவிடுங்கள் போதும் என்றேன். வேறு எந்தப் பேர் வேண்டுமானாலும் வையுங்கள், அது இன்னும் நாலு பேருக்கு இருக்கிற பேராக இருக்கட்டும், அது ஒன்றுதான் நான் கேட்பது என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. “யாருக்கும் இருக்கக் கூடாதுன்னுதானப்பா மூணு மாசமாத் தேடுறோம்” என்றான். தேடினது போதும் என்றேன்.

போன வாரம் மருமகள் கூப்பிட்டாள். கதிர் என்று வைக்கலாம் என்று இரண்டு பேரும் பேசியிருக்கிறார்களாம். நல்ல பேர் என்றேன். எங்கள் ஊரிலேயே கதிர்வேல், கதிரேசன், கதிரவன் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவளுக்கு ஒரு தயக்கம் மட்டும் இருந்தது. “மாமா, எங்க அபார்ட்மெண்ட்லயே கீழ்த்தளத்துல ஒரு கதிர் இருக்கான். பார்க்ல கூப்பிட்டா ரெண்டு பேரும் திரும்புவாங்க. பரவாயில்லையா?” அந்தப் பையனுக்கு என்ன வயது என்று கேட்டேன். மூன்று என்றாள். நம்ம பயலுக்கு நடக்கச் சொல்லிக்கொடுக்க ஒரு அண்ணன் ஆச்சு, நாளைக்கே போய் அவனுக்கு ஒரு பால்கோவா டப்பா கொடுத்துவிட்டு வாம்மா, நான் இங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அனுப்புகிறேன் என்று சொன்னேன்.